திரட்டிய அறிவும் பயன்பகிர்வும்: கூட்டுறவு ஆட்டக் கோட்பாட்டின் நோக்கில் ஆரோக்கியப்பச்சை ஒப்பந்தம் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பலரிடமிருந்து திரட்டப்பட்ட தகவலால் ஈட்டப்படும் பயனை எவ்வாறு பகிர்வது என்னும் வினாவிற்குக் கூட்டுறவு ஆட்டக் கோட்பாடு கணித அடிப்படையிலான விடைகளை அளிக்கிறது. அகத்தியமலைக் காணியரின் மூலிகை அறிவிலிருந்து உருவான ஜீவனி மருந்தையும், அதன் பயனைப் பகிர்ந்துகொள்ளச் செய்யப்பட்ட ஏற்பாட்டையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அவ்விடைகளை மதிப்பிடுகிறது. ஷாப்லி மதிப்பு நடுநிலையான அளவுகோலாகத் தோன்றினும், யார் ஆட்டக்காரர், ஆட்டம் எப்போது தொடங்குகிறது என்னும் இரு முன்முடிவுகளே அதன் விடையைத் தீர்மானிக்கின்றன என்பதும், அவ்விரண்டும் கோட்பாட்டிற்கு வெளியே எடுக்கப்படுபவை என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன. பொதுவில் காக்கப்பட்ட அறிவு, பொதுவில் காக்கப்பட்டதாலேயே மதிப்பிழக்கும் நிலை இக்கோட்பாட்டின் முதன்மையான இடர்ப்பாடாகச் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கூட்டுறவு ஆட்டக் கோட்பாடு, ஷாப்லி மதிப்பு, காணியர், ஆரோக்கியப்பச்சை, மரபறிவு, பயன்பகிர்வு

1. முன்னுரை

நிலம், பொன், நெல் ஆகியவற்றைப் பங்கிடுவதற்கும் அறிவால் விளைந்த பயனைப் பங்கிடுவதற்கும் அடிப்படையில் வேறுபாடு உண்டு. நெல்லைக் கொடுத்தவரிடம் நெல் குறைகிறது. அறிவைக் கொடுத்தவரிடம் அறிவு குறைவதில்லை. ஆயினும் கொடுத்த பின்னர் அவர் முன்பிருந்த நிலையில் இருப்பதுமில்லை. கேட்டவர் அவரைச் சாராமலே அவ்வறிவைப் பயன்படுத்த இயலும் என்பதால், அவருடைய பேர வலிமை ஒரே சொல்லில் கரைந்துபோகிறது. இந்த இயல்பே பயன்பகிர்வைச் சிக்கலாக்குகிறது.

உயிரியப் பன்மை உடன்படிக்கை 1992இல் கையெழுத்திற்குத் திறக்கப்பட்டு 1993 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் நோக்கங்களுள் ஒன்று, மரபுவளங்களின் பயன்பாட்டால் கிடைக்கும் பயனை நேர்மையாகவும் நடுநிலையாகவும் பகிர்தல். ‘நேர்மையாக’ என்பதற்கு அளவு யாது என்பதை உடன்படிக்கை கூறவில்லை. அவ்விடத்தை நிரப்பவல்ல கருவியாகக் கூட்டுறவு ஆட்டக் கோட்பாடு பொருளியலாளர் சிலரால் முன்வைக்கப்படுகிறது. அக்கருவி உண்மையில் எதை அளக்கிறது என்பதைக் காண, உலக அளவில் பேசப்பட்டதும் தமிழக எல்லையைத் தொட்டுநிற்பதுமான ஆரோக்கியப்பச்சை நிகழ்வு ஏற்ற சான்றாகும்.

2. கோட்பாட்டின் அடிப்படைகள்

ஆட்டக் கோட்பாட்டைத் தனித்துறையாக நிலைநாட்டியது ஜான் வான் நியூமனும் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்னும் 1944இல் வெளியிட்ட நூல். கூட்டுறவு ஆட்டம் என்பது, ஒவ்வொரு கூட்டணியும் தனித்து நின்றால் எவ்வளவு ஈட்டும் என்பதைக் குறிக்கும் ஓர் அட்டவணை எனச் சுருங்கக் கூறலாம். அனைவரும் இணைந்து ஈட்டியதை அனைவர்க்கும் எவ்வாறு பங்கிடுவது என்பதே அதன் வினா.

இதற்கு இருவகை விடைகள் உள்ளன. முதலாவது ‘உட்கரு’. எந்தக் கூட்டணியும் பிரிந்து சென்று தன் பங்கைவிட மிகுதியாக ஈட்ட இயலாதவாறு அமையும் பங்கீடுகளின் தொகுதி அது. அது நிலைபேற்றைப் பேசுகிறது, நேர்மையைப் பேசுவதில்லை. இரண்டாவது, லாயிட் ஷாப்லி 1953இல் முன்வைத்த மதிப்பு. ஆட்டக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக ஓர் அறைக்குள் நுழைவதாகக் கொள்வோம். ஒவ்வொருவரும் தாம் நுழையும்போது கூட்டணியின் ஈட்டத்தை எவ்வளவு உயர்த்துகிறார் என்பதைக் குறித்து, எல்லா வரிசைமுறைகளுக்கும் சராசரி காண்பின் அதுவே அவருடைய ஷாப்லி மதிப்பு.

இம்மதிப்பு நான்கு கொள்கைகளிலிருந்து பெறப்படுகிறது. ஈட்டியது முழுதும் பங்கிடப்பட வேண்டும். ஒத்த பங்களிப்பினர் ஒத்த பங்கு பெற வேண்டும். எந்தக் கூட்டணிக்கும் எதையும் கூட்டாத ‘வெற்று ஆட்டக்காரர்’ ஏதும் பெறலாகாது. இரு ஆட்டங்களை இணைத்தால் பங்குகளும் அவ்வாறே கூட வேண்டும். இந்நான்கையும் ஏற்பவர் வேறு எந்தப் பங்கீட்டையும் ஏற்க இயலாது என்பதே ஷாப்லி நிறுவியது. கொள்கைகள் எளியவை, முடிவு ஒன்றே என்பதால் இதற்கு நடுவர் ஒருவரின் தீர்ப்புக்குரிய மதிப்பு வாய்த்தது.

3. ஆரோக்கியப்பச்சை: நிகழ்ந்தவை

காணியர் கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்ட மலைப்பகுதிகளிலும், தமிழகத்தின் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்ட மலைகளிலும் வாழும் பழங்குடியினர். மாநில எல்லை வகுக்கப்படும் முன்பே அகத்தியமலையின் இருபுறமும் வாழ்ந்தவர்கள். 1987இல் முனைவர் ப. புஷ்பாங்கதன் தலைமையிலான இனஉயிரியல் ஆய்வுக் குழு அம்மலைக்குச் சென்றது. ஏறுமலையில் ஆய்வாளர்கள் தளர்ந்தனர். வழிகாட்டிய காணியரோ சிறு கனி ஒன்றைத் தின்றவாறு தளராமல் நடந்தனர். அது தம் மரபிற்குரிய மறைபொருள் என்று முதலில் தயங்கிய வழிகாட்டிகள், தவறாகப் பயன்படுத்தப்படாது என்னும் உறுதியின்பேரில் செடியைக் காட்டினர். ட்ரைகோபஸ் செய்லானிகஸ் என்னும் இனத்தின் திருவிதாங்கூர் வகையாகிய அச்செடியே ஆரோக்கியப்பச்சை.

பின்னர்ப் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதனை ஆராய்ந்து, வேறு மூன்று மூலிகைகளையும் சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. காணியர் உண்டது கனி. மருந்தில் இடம்பெற்றது இலை. ஆகவே நிறுவனத்தின் பங்களிப்பு வெறும் படியெடுப்பு அன்று. 1995இல் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழாண்டு உற்பத்தி உரிமம் வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். அதற்கு மேல் விற்பனையில் 2 விழுக்காடு உரிமத்தொகை. இவ்விரண்டிலும் பாதியைக் காணியர்க்கு அளிப்பதென நிறுவனம் முடிவுசெய்தது. தொகையைப் பெறுவதற்கென 1997இல் காணியர் நல அறக்கட்டளை ஒன்று பதிவு செய்யப்பட்டது. 1999இல் 5 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட தொகை அதனிடம் சேர்ந்தது. மரபறிவின் பயன் அவ்வறிவுக்குரிய மக்களிடம் திரும்பிய தொடக்ககால நிகழ்வுகளுள் ஒன்றாக இது போற்றப்படுகிறது. மறுபுறம், காணி மருத்துவர்களாகிய பிளாத்திகள் சிலர், தம் அறிவைத் தனியார்க்கு விற்பதை எதிர்த்து 1995இலேயே கேரள முதலமைச்சருக்கு மடல் எழுதினர். இவ்விரு மதிப்பீடுகளுக்கும் இடையிலேயே நம் வினா நிற்கிறது.

4. மூவர் ஆட்டம்

காணியர், ஆய்வு நிறுவனம், மருந்து உற்பத்தியாளர் ஆகிய மூவரை ஆட்டக்காரராகக் கொள்வோம். மூவருள் ஒருவர் இல்லையெனினும் மருந்து இல்லை எனின், ஒத்த பங்களிப்பு என்னும் கொள்கைப்படி ஒவ்வொருவர்க்கும் 1/3 பங்கு உரியது. காணியர்க்கும் நிறுவனத்திற்கும் இடையே சரிபாதி என்னும் முடிவை இக்கணக்கு முழுமையாக ஏற்கிறது. அக்காலத்தில் சட்டக் கட்டாயம் ஏதுமின்றி எடுக்கப்பட்ட முடிவு அது என்பதும் நினைக்கத்தக்கது.

ஆனால் பாதி எதனுடைய பாதி? விற்பனையில் 2 விழுக்காட்டின் பாதி, அதாவது விற்பனையில் 1 விழுக்காடு. விற்பனை வேறு, செலவு போக எஞ்சும் மிகுதி வேறு. விளக்கத்தின் பொருட்டு, மிகுதி விற்பனையில் 20 விழுக்காடு என வைத்துக்கொண்டால், உரிமத்தொகை அம்மிகுதியில் பத்தில் ஒன்று. காணியர் பங்கு இருபதில் ஒன்று. ஒருமுறை செலுத்திய உரிமக் கட்டணத்தையும் சேர்த்தால் விகிதம் சற்று உயரும். எனினும் கோட்பாடு கூறும் மூன்றில் ஒன்றை அது எளிதில் எட்டாது.

உற்பத்தியாளர் தரப்பில் ஒரு மறுப்பு எழலாம். முதலீடும் இழப்பு அச்சமும் அவருடையவை என்பது அது. மறுப்பு ஞாயமானதே, அவற்றைச் செலவாகக் கழித்த பின்னரே மிகுதியைக் கணக்கிட வேண்டும். ஆனால் கழித்த பின் எஞ்சுவதைப் பொறுத்தவரை, ஈடுசெய்ய இயலும் ஆட்டக்காரர் யார் என்பதே கோட்பாடு கேட்கும் கேள்வி. அதே திறனுடைய உற்பத்தியாளர் இருவர் இருந்திருப்பின், நால்வர் ஆட்டத்தின் 24 வரிசைமுறைகளுள் ஓர் உற்பத்தியாளர் இன்றியமையாதவராவது இரண்டில் மட்டுமே. அவர் பங்கு 1/12. காணியர்க்கும் நிறுவனத்திற்கும் தனித்தனியே 5/12. உட்கருவோ உற்பத்தியாளர்களுக்கு ஏதும் தருவதில்லை. மாற்று உடையவர் குறைவாகப் பெற வேண்டும் என்பதே கோட்பாட்டின் கூற்று. பயன்பகிர்வைப் பற்றிய உரையாடல் பெரும்பாலும் நிறுவனத்திற்கும் காணியர்க்கும் இடைப்பட்ட பாதியிலேயே நின்றுவிட்டதால், உரிமத்தொகையின் அளவு போதிய விவாதமின்றித் தப்பியது எனலாம்.

5. பலர் அறிந்த அறிவின் அவலம்

இதுவரை கோட்பாடு காணியர் பக்கமே நிற்கிறது. அதற்குக் காரணம், காணியர் அனைவரையும் ஓர் ஆட்டக்காரராக நாம் எண்ணியதே. காணியர் ஒருவரல்லர். செடியை அறிந்தவர் எவரும் அதை ஆய்வாளர்க்குக் காட்டியிருக்க இயலும். அவ்வாறாயின், அறிந்தவர் ஒவ்வொருவரும் மற்றவர்க்கு மாற்றாகிறார்.

அறிந்தவர் இருவர் எனில், ஒவ்வொருவர்க்கும் 1/12. இருவர்க்கும் சேர்த்து 1/6. அறிந்தவர் பதின்மர் எனில், அனைவர்க்கும் சேர்த்து 1/66. நூறு பேர் எனில், நூறு பேருக்கும் சேர்த்து 1/5151. உட்கருவை நாடினால், இரண்டாவது நபர் தோன்றிய கணமே அறிந்தவர் அனைவரின் பங்கும் சுழியாகிறது. மிகுதி முழுதும் நிறுவனத்திற்கும் உற்பத்தியாளர்க்கும் செல்கிறது.

இவ்வெண்களில் கணிதப் பிழை ஏதும் இல்லை. நான்கு கொள்கைகளிலிருந்து இவை நேராகப் பெறப்படுகின்றன. ஆனால் இவை கூறுவது யாது? ஒருவர் தம் அறிவைப் பிறர்க்குக் கூறாமல் பூட்டிவைத்திருந்தால் மூன்றில் ஒன்று பெறுவார். தலைமுறைகள்தோறும் பிள்ளைகளுக்கும் அண்டைக் குடிகளுக்கும் கற்பித்து வந்திருந்தால் ஏறத்தாழ ஏதும் பெறார். ஓர் அறிவு அழியாமல் நம் காலம்வரை வந்ததற்குக் காரணமே அது பலரிடம் இருந்தமைதான். அவ்வாறு காத்தமைக்குக் கோட்பாடு விதிக்கும் தண்டம் இது. காத்தல் என்னும் பங்களிப்பு அட்டவணையில் எங்கும் இடம்பெறவில்லை. இறுதிக் கணத்தில் யார் இன்றியமையாதவர் என்பது மட்டுமே இடம்பெறுகிறது. விதையைக் காத்தவரை விட்டுவிட்டு, அறுவடை நாளன்று வயலுக்கு வந்தவரை மட்டும் எண்ணுவதற்கு ஒப்பானது இக்கணக்கு.

6. ஆட்டம் தொடங்கும் காலம்

தகவல் சந்தை ஆட்டங்களைப் பற்றி முட்டோ, பாட்டர்ஸ், டைஸ் ஆகியோர் 1989இல் எழுதிய ஆய்வு இத்துறையில் குறிப்பிடத்தக்கது. பயனுள்ள தகவல் ஒருவரிடம் மட்டும் உள்ளது. சந்தைகளை உடைய நிறுவனங்கள் அதனைப் பெற விழைகின்றன என்பது அதன் அமைப்பு. எளிய வடிவில் ஒரு காட்டு: தகவல் உடையவருடன் இணைந்து ஒரு நிறுவனம் 60, மற்றொன்று 40 ஈட்டவல்லன, தகவலின்றி இரண்டும் ஏதும் ஈட்டா. இங்கு ஷாப்லி மதிப்பு தகவல் உடையவர்க்கு 50, நிறுவனங்களுக்கு முறையே 30, 20 என அமைகிறது. 1969இல் ஷ்மைட்லர் வரையறுத்த நியூக்ளியோலஸ் என்னும் பங்கீடும் இங்கு அதே விடையைத் தருகிறது. தகவல் உடையவரே ஆட்டத்தின் தலைவர்.

ஆரோக்கியப்பச்சையில் அத்தலைவர் யார்? விடை ஆண்டைப் பொறுத்தது. 1987இல் மலையேறுவதற்கு முன் காணியர். 1995இல் உரிமம் எழுதப்பட்டபோது ஆய்வு நிறுவனம். இடைப்பட்ட எட்டாண்டுகளில் செடியின் பெயரும் பயனும் நிறுவனத்தின் அறிவாகிவிட்டன. 1995ஆம் ஆண்டின் அட்டவணையை எழுதினால், நிறுவனமும் உற்பத்தியாளரும் தாமே முழுப்பயனையும் ஈட்டவல்லர். அறிவைப் பொறுத்தவரை காணியர் எதையும் கூட்டவில்லை. அவர்கள் வெற்று ஆட்டக்காரர். மூன்றாம் கொள்கைப்படி அவர்கள் பங்கு சுழி.

‘எதையும் கூட்டாதவர்க்கு எதுவும் இல்லை’ என்னும் அக்கொள்கை, நான்கனுள் எவரும் மறுக்கத் துணியாதது. ஆனால் தகவலைப் பொறுத்தவரை அது, முன்பே அனைத்தையும் கொடுத்துவிட்டவரையும் ஏதும் கொடாதவரையும் வேறுபடுத்துவதில்லை. நம்பிக் கூறியவர் தம் நம்பிக்கையாலேயே வெற்றாளர் ஆகிறார். எனவே நிறுவனம் பாதியை அளித்தது பேரத்தின் விளைவு அன்று. பேர வலிமை இழந்தவர்க்கு அளித்த வாக்கின் மதிப்பு. அதனைக் கோட்பாட்டின் வெற்றியாகக் காட்டுவது நிகழ்வையும் கோட்பாட்டையும் ஒருங்கே தவறாகப் படிப்பதாகும்.

காணியரிடம் எஞ்சியது இலை. இயற்கை வாழிடத்தை விட்டு வளர்க்கும் செடியில் மருத்துவப் பண்பு குன்றுவதாகக் கூறப்பட்டமையால், இலை வழங்கல் அவர்களை மீண்டும் ஆட்டத்திற்குள் கொணர்ந்திருக்க வேண்டும். ஆனால் செடி அழிந்துபடும் என்னும் கவலையால் வனத்துறை இலை சேகரிப்பிற்கு இடந்தரத் தயங்கியது. அக்கவலை ஆதாரமற்றது அன்று. எனினும் அதன் விளைவாக, காணியரின் இரண்டாவது பங்களிப்பு வேறோர் ஆட்டக்காரரின் இசைவைச் சார்ந்ததாயிற்று. அட்டவணையில் வனத்துறையை எழுதாத எந்தக் கணக்கும் இவ்விடத்தில் முழுமையுறாது.

7. அறக்கட்டளையும் விடுபட்டோரும்

மேற்கூறிய இடர்ப்பாட்டிற்குக் கோட்பாட்டிற்குள்ளேயே ஒரு பகுதித் தீர்வு உண்டு. கியேர்மோ ஓவன் 1977இல், முன்கூட்டியே அமைந்த கூட்டமைப்புகளை உடைய ஆட்டங்களுக்கு ஷாப்லி மதிப்பை விரிவுபடுத்தினார். முதலில் கூட்டமைப்புகளிடையே பங்கிடப்படும். பின்னர் ஒவ்வொன்றனுள்ளும் பங்கிடப்படும். அறிந்தவர் நூறு பேரும் ஒரே கூட்டமைப்பாயின், அவர்கள் பங்கு 1/5151 அன்று, மீண்டும் 1/3. அறக்கட்டளையின் உண்மைப் பொருள் இதுவே. அதனைத் தொகை பெறும் வங்கிக் கணக்காக மட்டும் காண்பது தவறு. காணியரை ஓர் ஆட்டக்காரராக ஆக்கவல்ல அமைப்பு அது. அவ்வகையில், 1995இல் உரிமம் எழுதப்பட்டு 1997இல் அறக்கட்டளை பதிவானமை வரிசை பிறழ்ந்த செயல். ஆட்டக்காரர் உருவாகுமுன் ஆட்டம் முடிந்துவிட்டது.

அறக்கட்டளையில் யார் இடம்பெற்றனர் என்பதும் முதன்மையானது. தொடக்கத்தில் வழிகாட்டிகளின் ஊர்களை உள்ளடக்கிய குற்றிச்சல் பகுதியினர்க்கே அதில் மிகுந்த இடம் இருந்தது. பிற பகுதிக் காணியரை அது போதுமான அளவு உள்ளடக்கவில்லை என்னும் குறை எழுந்தது. தமிழகப் பக்கத்துக் காணியரோ கேரளத்தின் பெயரால் அமைந்த அந்த அறக்கட்டளையின் வட்டத்திற்கு வெளியே நின்றனர்.

இதனை அறத்தின் குறையாக மட்டுமே திறனாய்வாளர் சுட்டுவர். ஓவனின் கணக்கு அதற்கும் மேலான ஒன்றைக் காட்டுகிறது. ஒரேயோர் ஊர் வெளியே விடப்பட்டு, அவ்வூரும் அவ்வறிவை உடையதாயின், அது கூட்டமைப்பிற்கு மாற்றாகிவிடும். அப்போது கூட்டமைப்பின் பங்கு 1/3 இலிருந்து 1/12 ஆக வீழும். விடுபட்ட ஊரின் பங்கும் 1/12. எஞ்சிய 5/6 நிறுவனத்திற்கும் உற்பத்தியாளர்க்கும். சிலரை விலக்கினால் உள்ளிருப்போர்க்கு மிகுதி கிடைக்கும் என்பது பொருளைப் பங்கிடும் வழக்கில் தோன்றும் எண்ணம். அறிவைப் பங்கிடும்போது அது தலைகீழாகிறது: விலக்கப்பட்டவர் ஒவ்வொருவரும் உள்ளிருப்போரின் பங்கைக் கரைக்கிறார். மாநில எல்லையைக் கடந்த அறக்கட்டளை என்பது அதனால் பெருந்தன்மை மட்டும் அன்று, தன்னலத்தாலும் வேண்டப்படுவது.

8. சட்டத்தின் விடைகள்

இந்தியாவில் 2002இல் உயிரியப் பன்மைச் சட்டம் இயற்றப்பட்டது. அனைத்துலக அளவில் 2010இல் நகோயா நெறிமுறை ஏற்கப்பட்டு 2014இல் நடைமுறைக்கு வந்தது. நகோயா நெறிமுறை வலியுறுத்தும் ‘முன்னறிந்த இசைவு’ என்பதை நம் சொற்களில் கூறினால், ஆட்டத்தின் தொடக்கத்தைத் தகவல் வெளிப்படுவதற்கு முன்னைய நாளுக்குத் திருப்பிவைத்தல். வெற்று ஆட்டக்காரர் கொள்கையின் கொடுமைக்குச் சட்டம் கண்ட மருந்து அது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ, உயிரியப் பன்மை சார்ந்த மரபறிவின்மீது ‘சமூக உரிமை’யை ஏற்கிறது. இது ஆட்டக்காரர் யார் என்னும் வினாவிற்குச் சட்டம் அளித்த விடை: தனியர் அல்லர், சமூகம்.

அளவைப் பொறுத்தவரை நிலை வேறு. 2014ஆம் ஆண்டின் பயன்பகிர்வு வழிகாட்டுதல்கள், உயிரி வளங்களை வணிகத்திற்குப் பயன்படுத்துவோர்க்கு ஆண்டு விற்பனையில் 0.1 முதல் 0.5 விழுக்காடு வரை விகிதம் வகுத்தன. சட்டம் வருமுன் காணியர்க்கு ஒதுக்கப்பட்ட 1 விழுக்காடு, அந்த உச்ச அளவின் இருமடங்கு. 2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், நூல்வழிப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோர்க்கு விலக்கும் அளித்தது. பலர் அறிந்ததற்கு உரியவர் இல்லை என்னும் கணக்கே, ஐந்தாம் பகுதியில் கண்டவாறு, இங்கும் வேறு மொழியில் ஒலிக்கிறது.

9. முடிவுரை

ஷாப்லி மதிப்பு பயனற்றது என்பது இக்கட்டுரையின் முடிவு அன்று. உரிமத்தொகையின் அளவு மிகக் குறைவு என்பதையும், விடுபட்டோரால் உள்ளிருப்போர் இழப்பதையும் வேறு எக்கருவியும் இத்துணைத் தெளிவாகக் காட்டியிராது. கோட்பாட்டாளர் ஒருவர், குறை கோட்பாட்டில் இல்லை, அட்டவணையை எழுதியவரிடமே உள்ளது எனலாம். அது உண்மையே. ஆனால் அட்டவணையை எழுதுவோர் காணியர் அல்லர் என்பதும் உண்மை. யாரை ஒருவராக எண்ணுவது, எந்த நாளில் எண்ணத் தொடங்குவது என்னும் இரு முடிவுகளும் எடுக்கப்பட்ட பின்னரே கணிதம் பேசுகிறது. பேசிய பின்னர் அம்முடிவுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆகவே பயன்பகிர்வைக் கணக்கிட முற்படும் எந்த ஆய்வும், தன் விடைக்கு முன்பாக மூன்றினை வெளிப்படையாகக் கூற வேண்டும்: அறிவுடையோர் தனியராக எண்ணப்பட்டனரா, சமூகமாக எண்ணப்பட்டனரா, ஆட்டம் தகவல் வெளிப்படுவதற்கு முன் தொடங்குகிறதா, பின்னரா, பங்கிடப்படுவது விற்பனையா, மிகுதியா. இம்மூன்றும் கூறப்படாத இடத்தில் 1/3 என்பதும் 1/5151 என்பதும் ஒரே கோட்பாட்டின் விடைகளே. இரண்டில் எது நேர்மை என்பதைக் கோட்பாடு சொல்லாது. மலையில் கனியைக் காட்டியவருக்கு அன்று அளிக்கப்பட்ட உறுதிமொழி சொல்லும்.